கருதுகோட் சோதனையும் அதன் இருவகைப் பிழைகளும்: முத்துப் பார் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

இலக்கிய ஆராய்ச்சியில் எண்ணிக்கை புகுந்து நெடுங்காலமாயிற்று. ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை முறை பயின்று வருகிறது, ஓர் இலக்கண வடிவம் எந்நூலில் மிகுதி, எந்நூலில் அருகல் என்று கணக்கிட்டு, அதனைக் கொண்டு நூலின் காலத்தையும் ஆசிரியரையும் துணிவது பெருவழக்காகிவிட்டது. எண்ணுவதில் நம்மவர் குறைபடுவதில்லை. எண்ணியபின் துணிவதிலேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. இரு நூல்களிடையே கண்ட வேறுபாடு உண்மையான வேறுபாடா, தற்செயலாய் நேர்ந்ததா என்னும் வினாவை எழுப்பாமலே முடிவுக்குச் சென்றுவிடும் கட்டுரைகள் பல. அவ்வினாவை முறையாக எழுப்பி ஆராயும் வழியைப் புள்ளியியலார் கருதுகோட் சோதனை என்பர். அதன் அடிப்படைகளைத் தமிழ் ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்முறை கணக்கியலாருக்கே உரியது என்று எண்ணி விலகுதல் வேண்டா. இதன் உயிர்நாடி கணக்கன்று. துணிபு கூறுவதில் காட்ட வேண்டிய நேர்மையே ஆகும். 1925-இல் ஆர். ஏ. பிஷர் வெளியிட்ட நூலும், 1928 முதல் நெய்மனும் ஈகான் பியர்சனும் இணைந்து எழுதிய கட்டுரைகளும் இம்முறைக்கு இன்றைய வடிவத்தைத் தந்தன. 1931-இல் மகலனோபிஸ் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். ஆயினும், சிறு பகுதியைக் கண்டு முழுமையைத் துணியும் வழக்கம் இவற்றினும் மிகப் பழையது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தில் அவ்வழக்கம் தெளிவாகக் காணப்படுகிறது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குவோம்.

பாரும் கூறும்

இராமேசுவரத் தீவுக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கடலின் அடியில் ஆங்காங்கே பாறைப் பரப்புகள் உள. அவற்றைக் கடற்கரை மக்கள் பார் என்பர். முத்துச் சிப்பிகள் அப்பார்களைப் பற்றி வாழ்வன. இராமநாதபுரம் கரையில் கீழக்கரையார் முத்துக்குளித்தலிலும் முத்து வாணிகத்திலும் பெயர் பெற்றவர். சிப்பி ஏறத்தாழ நான்கைந்து ஆண்டு அகவை எய்தும்போது முத்தெடுத்தற்கு ஏற்றதாகிறது. அதன்பின் நெடிது வாழாமல் இறந்தொழிகிறது. எனவே பார் பழுக்கும் காலத்தைச் சரியாக அறிவது சலாபம் நடத்துவோர்க்கு இன்றியமையாததாயிற்று.

சலாபம் அறிவிப்பதற்கு முன்னர், அரசின் பார்வையாளர் முத்துக்குளிப்போரைப் பாரில் இறக்கி ஓரளவு சிப்பிகளை எடுப்பிப்பர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையளவு வேறுபட்ட சல்லடைகளால் பிரித்து, வல்லோரைக் கொண்டு மதிப்பிடுவர். மதிப்பு நன்றாக அமைந்தால் சலாபம் அறிவிக்கப்படும். இன்றேல் பார் அவ்வாண்டு விடப்படும். தூத்துக்குடியை ஒட்டிய கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற சலாபங்களோடு தமிழ்நாட்டுக் கரையில் இத்தொழில் நின்றுவிட்டது. ஆயினும் அதன் ஆய்வுமுறை நமக்கு நல்ல விளக்கமாக உதவுகிறது.

பார் முழுவதும் உள்ள சிப்பிகளைப் புள்ளியியலார் முழுமைத் தொகுதி என்பர். எடுத்துப் பார்த்த சிப்பிகளைக் கூறு என்பர். கூறு நம் கையில் உள்ளது; முழுமைத் தொகுதி கடலின் அடியில் உள்ளது. கையில் உள்ளதைக் கொண்டு கடலில் உள்ளதைப் பற்றிப் பேசுவதே இங்குச் சிக்கல்.

இரு கருதுகோள்களும் இரு பிழைகளும்

சோதனை தொடங்குமுன் இரண்டு கூற்றுகளை எதிரெதிராக நிறுத்த வேண்டும். ‘இப்பார் வறியது, கூறில் நன்முத்துகள் மிகுந்திருப்பினும் அது தற்செயலே’ என்பது ஒன்று. இதனை இன்மைக் கருதுகோள் என்பர். ‘இப்பார் வளமுடையது’ என்பது மற்றொன்று. இது மாற்றுக் கருதுகோள். இன்மைக் கருதுகோளை முதலில் ஏற்றுக்கொண்டு, அதனைக் கைவிடத் தக்க வலிய சான்று கூறில் உண்டா என்று பார்ப்பதே சோதனை.

பிழை இரண்டு வகையில் நேரும். வறிய பாரை வளமுடையது எனத் துணிந்து சலாபம் அறிவித்தல் ஒன்று. படகுகளும் முத்துக்குளிப்போரும் வணிகரும் தொலைவிலிருந்து திரண்டு வந்து வெறுங்கையோடு மீள நேரும். உண்மையான இன்மைக் கருதுகோளைத் தவறாகக் கைவிடும் இதனை முதல் வகைப் பிழை என்பர். வளமுடைய பாரை வறியது என விட்டுவிடுதல் மற்றொன்று. அடுத்த ஆண்டு பார்ப்பதற்குள் சிப்பிகள் இறந்து முத்துகள் மணலில் புதையும். பொய்யான இன்மைக் கருதுகோளைக் கைவிடாதிருக்கும் இது இரண்டாம் வகைப் பிழை.

இவ்விரண்டும் நம்மவர்க்குப் புதியன அல்ல. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் செய்தது முதல் வகைப் பிழையே. ‘கோவலன் கள்வன் அல்லன்’ என்பது அங்கு இன்மைக் கருதுகோளாக நின்றிருத்தல் வேண்டும். அதனைக் கைவிடுதற்குப் பொற்கொல்லன் சொல் ஒன்றே போதுமானதாகக் கொள்ளப்பட்டது. சிலம்பை உடைத்து உள்ளிருக்கும் பரலைக் காணும் சான்று எளிதிற் கிடைப்பதாயிருந்தும், கண்ணகி வழக்குரைத்த பின்னரே அது நாடப்பட்டது. அரசியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்தமை அப்போதுதான் வெளிப்பட்டது. கள்வனை விடுவித்துவிடும் அரசன் இரண்டாம் வகைப் பிழை செய்பவன். இவனோ மற்றதைச் செய்தான். தவறாகக் கைவிட்டால் மீட்கவியலாத கேடு விளையுமாயின், அக்கருதுகோளையே இன்மைக் கருதுகோளாக வைத்து, அதனைக் கைவிட வலிய சான்று கேட்பதே அறமும் முறையும் ஆகும்.

எண்கள் காட்டும் உண்மை

ஒரு சிறு கணக்கைக் காண்போம். ஈண்டு யாம் தரும் அளவுகள் விளக்கத்தின் பொருட்டுக் கொண்டவை; பாரில் அளந்தறிந்தவை அல்ல. வறிய பாரில் பத்துச் சிப்பிக்கு ஒன்றில் முத்து இருக்கும் என்றும், வளமான பாரில் பத்துக்கு மூன்றில் இருக்கும் என்றும் கொள்வோம். இருபது சிப்பிகளை எடுக்கிறோம். பார் வறியதாயின் சராசரியாக இரண்டு சிப்பிகளிலும், வளமானதாயின் ஆறு சிப்பிகளிலும் முத்துக் கிடைத்தல் வேண்டும். ஆனால் சராசரி ஒவ்வொரு முறையும் கைக்கு வருவதன்று. வறிய பாரிலிருந்தும் முத்துடைய சிப்பிகள் ஐந்து வந்துவிடலாம். வளமான பாரிலிருந்தும் மூன்றே வரலாம்.

‘ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்தால் பார் வளமானது’ என்று விதி செய்வோம். பார் உண்மையில் வறியதாயிருந்தும் இவ்விதி அதனை வளமானது எனத் தவறாகக் கூறுவது ஆயிரத்தில் ஏறத்தாழ 43 முறை. பார் வளமானதாயிருந்தும் வறியது எனக் கூறுவது ஆயிரத்தில் ஏறத்தாழ 238 முறை. அஃதாவது, நாலு வளமான பார்களில் ஏறக்குறைய ஒன்றை இழந்துவிடுவோம். இவ்விழப்பு மிகுதி எனக் கருதி, விதியைத் தளர்த்தி, ‘நான்கு கிடைத்தாலே போதும்’ என்று கொண்டால், இரண்டாம் வகைப் பிழை 107 ஆகக் குறைகிறது. ஆனால் முதல் வகைப் பிழை 133 ஆக உயர்கிறது. ஒன்றைத் தாழ்த்தினால் மற்றொன்று உயரும். கூறின் அளவு மாறாதவரை இருபிழைகளையும் ஒருங்கே குறைக்க எவ்விதியாலும் இயலாது.

இனி, இருபதுக்கு மாறாக நாற்பது சிப்பிகளை எடுத்து, ‘எட்டோ அதற்கு மேலோ’ என்பதை விதியாக வைப்போம். முதல் வகைப் பிழை ஆயிரத்தில் 42, முன்போலவே உள்ளது. இரண்டாம் வகைப் பிழையோ 238-லிருந்து 55-ஆகத் தாழ்ந்துவிடுகிறது. மேலும் சான்று தேடுதலே இருபிழைகளையும் ஒருங்கே அடக்கும் வழி. விதியை நெகிழ்த்துவதும் இறுக்குவதும் அவ்வழி ஆகா.

முதல் வகைப் பிழைக்கு நாம் முன்கூட்டியே விதிக்கும் எல்லையை மிகைகாண் நிலை என்பர். நூற்றுக்கு ஐந்து என்பது பெருவழக்கு. வளமான பாரை வளமானது என்றே கண்டறியும் வாய்ப்பைச் சோதனையின் திறன் என்பர். மேற்காட்டிய முதல் விதியின் திறன் ஆயிரத்துக்கு 762. நாற்பது சிப்பி எடுத்த விதியின் திறன் 945.

எண்கள் சொல்லாதன

இங்கு மயக்கம் தரும் இடங்கள் இரண்டு. முதலாவது, ‘ஆயிரத்தில் 43’ என்பதன் பொருள் பற்றியது. பார் வறியதாயிருந்தால் இத்தகைய கூறு எத்துணை அருகிக் கிடைக்கும் என்பதையே அவ்வெண் சொல்கிறது. இத்தகைய கூறு கிடைத்தபின் பார் வறியதாயிருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. நூறு பார்களில் தொண்ணூறு வறியன, பத்து வளமானவை என்று கொள்வோம். முதல் விதியின்படி வறியவற்றுள் ஏறத்தாழ நான்கும் வளமானவற்றுள் ஏறத்தாழ எட்டும் ‘வளமானவை’ என்று அறிவிக்கப்படும். அறிவிக்கப்பட்ட பன்னிரண்டில் நான்கு, அஃதாவது மூன்றில் ஒரு பங்கு, தவறானவை. நூற்றுக்கு ஐந்தினும் குறைந்த பிழையுடைய விதி என்பதால் நம் துணிபுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியானவை என்று எண்ணுதல் பொருந்தாது.

இரண்டாவது, கைவிடாமையை நிறுவுதலாகக் கொள்ளும் மயக்கம். மூன்று சிப்பியில் மட்டும் முத்துக் கிடைத்தது என்பதனால் பார் வறியது என நிறுவப்பட்டுவிடவில்லை. வறியது என்னும் கருதுகோளைக் கைவிடப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. சான்றின்மை வேறு, இன்மைக்குச் சான்று வேறு.

பிழையின் விலை

நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லை எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று. எப்பிழை கொடியது என்பதைப் பொருளின் தன்மையே முடிவு செய்கிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை இக்கரையோர் நன்கறிவர். ‘புயல் வாராது’ என்பதை இன்மைக் கருதுகோளாகக் கொண்டால், வாராத புயலுக்குக் கூண்டேற்றுதல் முதல் வகைப் பிழை. மீனவர்க்கு ஒரு நாட் பிழைப்புக் கெடும். வரும் புயலுக்குக் கூண்டேற்றாமை இரண்டாம் வகைப் பிழை. அதன் விலை உயிர். 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி அலையில் அகப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதும், புயல் வரும்போது என்ன நேரும் என்பதை இக்கரைக்கு உணர்த்தின. ஆதலின் இங்கு முதல் வகைப் பிழை சற்று மிகினும் தகும். எனினும் அது அளவின்றி மிகுமாயின் கூண்டின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை தேய்ந்து, அதுவே வேறொரு கேடாய் முடியும். வழக்கு மன்றத்திலும் புயற்கூண்டிலும் எல்லை ஒன்றாயிருத்தல் இயலாது.

கூறு ஏமாற்றும் இடங்கள்

விதி சரியாக இருப்பினும், கூறு சரியாக எடுக்கப்படாவிடின் சோதனை பயனற்றதாகும். சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டி வாழ்வன. ஒரே கொத்திலிருந்து எடுத்த நாற்பது சிப்பிகள் பார் முழுவதும் பரவலாக எடுத்த நாற்பதுக்கு ஈடாகா. அவை ஒரே சூழலில் வளர்ந்து தம்முள் ஒத்திருத்தலின், ஒரு சான்றையே பலமுறை எண்ணியதாக முடியும். இலங்கைக் கடலில் உள்ள பெரிய பார் பலமுறை இளஞ்சிப்பிகளால் நிறைந்தும் அவை முதிருமுன் அழிந்து, சலாபம் தராமலே போயிற்று. சிப்பியின் தொகையை மட்டும் கண்டு வளத்தைத் துணிவார்க்கு அது நல்ல எச்சரிக்கை.

இலங்கை வரலாற்றில் இன்னும் பெரிய சான்று உண்டு. அங்கு 1891-க்குப்பின் சலாபம் இன்றிக் கிடந்த பார்களில் 1903 முதல் தொடர்ந்து சலாபங்கள் நடைபெற்றன. 1905-இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906-இல் ஒரு குழுமத்தார் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். 1907-க்குப் பின் பல்லாண்டுகள் சலாபமே நிகழவில்லை. குழுமத்தார் தொழிலைக் கைவிட நேர்ந்தது. அடுத்தடுத்த நல்லாண்டுகள் தனித்தனிச் சான்றுகள் போலத் தோன்றினும் அவை ஒன்றோடொன்று தொடர்புடையன. வறண்ட ஆண்டுகளை ஒதுக்கி வளமான ஆண்டுகளை மட்டும் நோக்குவார்க்குக் கடல் வற்றா வளமுடையதாகவே தோன்றும்.

பலமுறை சோதித்து ஒன்றை மட்டும் கூறுதலும் இத்தகையதே. இருபது வறிய பார்களைத் தனித்தனியே நூற்றுக்கு ஐந்து என்னும் எல்லையில் சோதித்தால், அவற்றுள் ஒன்றேனும் வளமானது எனத் தவறாகத் தோன்றும் வாய்ப்பு நூற்றுக்கு 64. பத்தொன்பதை மறைத்து அவ்வொன்றை மட்டும் வெளியிடுவோன் பொய்யுரைத்தான் அல்லன்; ஆனால் மெய்யும் உரைத்தான் அல்லன்.

இலக்கிய ஆராய்ச்சிக்கு

இனி நம் துறைக்கு வருவோம். பத்துப்பாட்டுள் திருமுருகாற்றுப்படை 317 அடிகளையும் நெடுநல்வாடை 188 அடிகளையும் உடையன. இரண்டும் நக்கீரர் பெயரால் வழங்குகின்றன. பாடியவர் ஒருவரா, வெவ்வேறு புலவரா என்பது நெடிய வழக்கு. பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை திருமுருகாற்றுப்படையைப் பிற்காலத்ததாகக் கொண்டார். அதனை மறுப்பாரும் உளர். ஈண்டு யாம் அவ்வழக்கைத் தீர்க்கப் புகவில்லை. எண்ணிக்கையால் அதனைத் தீர்க்கப் புகுவார் எதிர்கொள்ள வேண்டியவற்றையே கூறுகிறோம்.

‘பாடியவர் ஒருவரே’ என்பதை இன்மைக் கருதுகோளாக வைப்போம். ஓர் இடைச்சொல்லின் வருகையை எண்ணி, இரு பாட்டிலும் பெரிய வேறுபாடு இல்லை எனக் கண்டால், ஒருவரே பாடினார் என்பது நிறுவப்பட்டதாகாது. 188 அடி சிறு கூறு. சிறு கூறின் திறன் குறைவு. இரு புலவராயினும் இவ்வளவில் வேறுபாடு புலப்படாது போகலாம். மாறாகப் பெரிய வேறுபாடு கண்டாலும் இரு புலவர் என்பது உடனே பெறப்படாது. ஒன்று முருகனின் படைவீடுகளைக் கூறி ஆற்றுப்படுத்துவது; மற்றொன்று கூதிர்க் காலத்து அரண்மனையையும் பாசறையையும் பாடுவது. பொருள் மாறச் சொல்லும் மாறும். வேறுபாடு உண்டு என்பதையே சோதனை காட்டும்; அதன் காரணம் புலவரா, பொருளா, காலமா என்பதைக் காட்டாது. இருபது வடிவங்களை எண்ணி, வேறுபட்ட ஒன்றை மட்டும் கட்டுரையில் வைப்பாராயின், மேற்கூறிய 64 என்னும் எண்ணை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய வழக்கு அமெரிக்க நாட்டிலும் எழுந்தது. அந்நாட்டின் அரசமைப்பை ஆதரித்து 1787-1788-இல் வெளிவந்த கூட்டாட்சிக் கட்டுரைகளுள் பன்னிரண்டு ஹாமில்டன் எழுதியனவா, மாடிசன் எழுதியனவா என்பது ஐயத்துக்குரியதாயிருந்தது. மோஸ்டெல்லர், வாலஸ் என்னும் புள்ளியியலார் இருவர் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளோடு மாறாத சிறு சொற்களின் வருகையைக் கணக்கிட்டு, அவை மாடிசனுடையன என்று துணிந்தனர். அவர்கள் கையாண்ட கணக்குமுறை ஈண்டு விளக்கியதினின்று வேறுபட்டது. எனினும் அவர்க்கு வாய்த்த நன்மை கருதத்தக்கது. இருவரும் எழுதியவை என ஐயமின்றி அறியப்பட்ட உரைநடை அவர்க்குப் பெருமளவில் கிடைத்தது. நமக்கு அது இல்லை. தொகை நூல்களில் நக்கீரர் பெயரால் உள்ள பாடல்களைச் சேர்த்துக்கொள்ளலாம் எனின், அவற்றைப் பாடியவரும் இவரே என்பதை முன்னரே நிறுவுதல் வேண்டும். நிறுவ வேண்டியதையே சான்றாகக் கொள்ளுதல் முறையன்று.

பாரில் ஐயம் எழுந்தால் மீண்டும் ஒருமுறை மூழ்கிச் சிப்பி எடுக்கலாம், இருபதை நாற்பதாக்கலாம். நெடுநல்வாடையின் 188 அடிகளோ எத்துணை முறை எண்ணினும் 188 அடிகளே. கூறு பெருகாத இடத்தில் இருபிழைகளையும் ஒருங்கே குறைக்க வழியில்லை என்பதை மேலே கண்டோம். ஆகவே பழந்தமிழ் நூலாராய்ச்சியில் எண்ணிக்கையால் மட்டும் துணிவோர் ஏதேனும் ஒரு பிழையை விரும்பித் தாங்கியே ஆகவேண்டும். தாங்குவது எதனை என்று சொல்லிவிட்டுத் துணிவது ஆராய்ச்சி. சொல்லாது துணிவது அதன் தோற்றமே. சில இடங்களில் ‘துணிதற்குப் போதிய சான்று இல்லை’ என்பதே சரியான முடிவாகும். அதனைத் தோல்வியாகக் கருதுதல் கூடாது.

முடிவுரை

ஆராய்ச்சி மாணவர் கைக்கொள்ளத் தக்கனவற்றைத் தொகுத்துக் கூறுவோம். எண்ணத் தொடங்குமுன்னரே கருதுகோளையும் விதியையும் எழுதி வைத்தல் வேண்டும். எண்ணியபின் விதி செய்வோன் தனக்கு வேண்டிய விடையையே பெறுவான். எத்தனை வடிவங்களை எண்ணினோம் என்பதையும், அவற்றுள் வேறுபடாதன எவை என்பதையும் மறையாது கூறுதல் வேண்டும். நூலின் அளவைக் கூறி, அவ்வளவில் எவ்வளவு வேறுபாடு புலப்படக்கூடும் என்பதை உணர்த்துதல் வேண்டும். ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்னும் இடத்தில் ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுதல் ஆகாது. இந்நெறிகளை மேற்கொண்டால் நம் துணிபுகளின் தொகை ஒருவேளை குறையலாம். எஞ்சியவை பிறர் மேலும் கட்டடம் எழுப்பத் தக்க அடித்தளமாய் நிற்கும்.